வேற்றுமுகம் பார்க்கிற பிள்ளை

மகளைப் பிளேஸ்கூலில் சேர்த்த முதல் மாத முடிவில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். வண்ணம் தீட்டுவதற்கு ஒரு நட்சத்திரம், சிற்றுண்டிப் பெட்டியைத் தானே திறப்பதற்கு ஒரு நட்சத்திரம். கடைசியில் மிஸ் கையால் எழுதிய ஒரு வரி: மற்ற குழந்தைகளோடு சேர ரொம்ப நேரம் எடுக்கிறாள், இன்னும் கொஞ்சம் வெளியே வர வேண்டும்.

அதற்கு மூன்று வாரம் முன்புதான் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்திருந்தோம். மண்டபத்தில் பார்த்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "எவ்வளவு சமத்து! வெச்ச இடத்துல இருக்கே. பெங்களூர்ல வளர்ற பிள்ளைன்னு சொல்ல முடியுமா?" என் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு இடத்திலும் பாப்பா செய்தது அப்படியே ஒன்று. என் பேண்ட்டை முட்டிக்குப் பக்கத்தில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, இடது கையில் இரண்டு விரலை வாயில் வைத்துக்கொண்டு, நடப்பதை எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே அது சமத்து. இங்கே அது சரிசெய்ய வேண்டிய குறை. நடுவில் ஒரு ராத்திரி ரயில் பயணம்தான் இருந்தது.

அவளுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். எனக்கு ஒரு பழக்கம்: ஒரு விஷயம் உறுத்தினால் அதன் முன்பின் தெரியாமல் தூக்கம் வராது. மனைவி இதை வியாதி என்பாள். காகிதம் வந்த ராத்திரி படிக்க உட்கார்ந்தேன். அப்புறம் பல ராத்திரிகள். படித்ததையும் வீட்டில் பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பிள்ளை ஒரு சுபாவத்தோடுதான் பிறக்கிறது என்பது நம் பாட்டிகளுக்குப் புதுச் செய்தி இல்லை. தொட்டிலில் கிடக்கும்போதே தெரிந்துவிடும் என்பார்கள். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க மனநல மருத்துவம் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. பிள்ளை முரண்டு பிடித்தாலும் ஒடுங்கிக் கிடந்தாலும் வளர்த்தவளைத்தான் கேட்டார்கள். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதிக்கு இது சரியாகப் படவில்லை. ஒரே தாய் வளர்த்த இரண்டு பிள்ளைகள் ஏன் இரண்டு விதமாக இருக்கின்றன? 1956இல் நியூயார்க்கில் கைக்குழந்தைகளைப் பின்தொடரத் தொடங்கினார்கள். 133 பேரை அவர்கள் பெரியவர்களாகும் வரை விடவில்லை.

பெற்றோரிடம் அவர்கள் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்தன. "உங்கள் பிள்ளை நல்ல பிள்ளையா?" என்று கேட்கவில்லை. குளிப்பாட்டும்போது எவ்வளவு அசைகிறது, பசி ஒரே நேரத்துக்கு வருகிறதா, புதுச் சாப்பாட்டை வாயில் வைத்தால் முதலில் என்ன செய்கிறது, துணி உரசினால் தெரிகிறதா, அழுதால் ஊரைக் கூட்டுமா முனகுமா, அழும்போது கிலுகிலுப்பையைக் காட்டினால் மறக்குமா என்றெல்லாம் விசாரித்தார்கள். இப்படி ஒன்பது அளவுகோல்கள். அவற்றை வைத்துப் பார்த்தபோது, சுமார் 40 சதவீதம் பேர் எதற்கும் எளிதாக ஒத்துப்போகிறவர்கள். 10 சதவீதம் பேர் தூக்கம், பசி எதிலும் ஒழுங்கு இல்லாமல், எதையும் உரக்க எதிர்ப்பவர்கள். 15 சதவீதம் பேர் புதிய எதையும் கண்டால் முதலில் ஒதுங்கி நின்று, பிறகு மெல்ல மெல்லச் சேர்ந்துகொள்பவர்கள். மிச்சம் 35 சதவீதம் பேர் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. இந்தக் கடைசி எண்ணை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு. எனக்கு அதுதான் நம்பிக்கை தந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வகைப்படுத்த முடியவில்லை என்று ஒப்புக்கொண்ட ஆய்வை நம்பலாம்.

அந்த 15 சதவீதத்தில் என் மகளைப் பார்த்தேன். நமக்கு இதற்கு ஒரு சொல் எப்போதோ இருக்கிறது: வேத்துமுகம் பார்ப்பது. எட்டு, ஒன்பது மாதத்தில் பெரும்பாலான பிள்ளைகள் ஓரளவு பார்க்கும். பழகிய முகத்தையும் பழகாத முகத்தையும் பிரித்தறியும் ஞாபகசக்தி அப்போதுதான் வலுப்படுகிறது. தெரியாத முகம் என்று தெரிவதால் வரும் அழுகை அது. பெரும்பாலான குழந்தைகளிடம் இது தணிந்துவிடுகிறது. சிலரிடம் முகத்தோடு நிற்காமல் புது இடம், புது செருப்பு, புது சட்டை என்று பரவி, ஒரு சுபாவமாகவே தங்குகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரோம் கேகன் இவர்களையே பல்லாண்டு ஆராய்ந்தவர். நான்கு மாதக் குழந்தைகளின் முன்னால் வண்ண பொம்மைகளை ஆட்டினார். பதிவு செய்த குரல்களைக் கேட்கவிட்டார். மூக்கருகே ஒரு வாசனையைக் காட்டினார். சுமார் 20 சதவீதம் குழந்தைகள் முதுகை வளைத்து, கைகால் உதறி அழுதார்கள். சுமார் 40 சதவீதம் பேர் சும்மா படுத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். முதல் கூட்டம்தான் இரண்டு வயதில் புதியதைக் கண்டு ஒதுங்கும் கூட்டமாக ஆவதற்கு வாய்ப்பு அதிகம். இங்கே ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. நாம் நினைப்பதற்கு நேர் எதிராக, அமைதியாக ஒதுங்கி நிற்கும் பிள்ளை உள்ளுக்குள் அதிகம் கொந்தளிக்கும் பிள்ளை. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் மெச்சிய அந்தச் சமத்து, நாதஸ்வரமும் நானூறு முகங்களும் ஒரே நேரத்தில் உள்ளே புகுந்ததைச் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்று ராத்திரி அவள் காரணமே இல்லாமல் ஒரு மணி நேரம் அழுதாள். மாமியார் மிளகாயும் உப்பும் எடுத்து வந்தார். "மாப்பிள்ளை, இத்தனை கண்ணு பட்டிருக்கு. சுத்திப் போட்டா சரியாயிடும்." இத்தனை கண்கள் பட்டதுதான் காரணம் என்பதில் அவருக்கும் கேகனுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன்.

அந்த சுபாவம் அப்படியே நிற்குமா? கேகனின் குழந்தைகள் வளர்ந்த பிறகு பார்த்தால், ஒதுங்கும் பிள்ளை எதற்கும் துணிந்து பாயும் பிள்ளையாக மாறியது அபூர்வம். அதேபோல், கடைசி வரை பயந்தாங்கொள்ளியாகவே நின்றதும் ஒரு சிறு பகுதிதான். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 73இல் பிறந்த 1,037 பேரை இன்றுவரை பின்தொடர்கிறார்கள். மூன்று வயதில் பார்த்த சுபாவத்தின் சாயல் 26 வயதிலும் தெரிந்தது. சாயல் என்றுதான் சொல்ல முடியும். அதை வைத்து யாருக்கும் ஜாதகம் எழுத முடியாது.

சரி, சுபாவம் இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்று யார் தீர்மானிக்கிறார்கள்? என் கேள்வி அங்கேதான் இருந்தது.

1998இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஷின்யின் சென் என்பவரும் கூட்டாளிகளும் சீனாவிலும் கனடாவிலும் இரண்டு வயதுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். அறிமுகமில்லாத அறையில், அறிமுகமில்லாத ஆள் வந்ததும் தாயிடம் ஒட்டிக்கொள்ளும் பிள்ளைகள். கனடாவில் அப்படிப்பட்ட பிள்ளையின் தாய் கண்டிப்பும் அதிருப்தியும் உள்ளவளாக இருந்தாள். சீனாவில் அப்படிப்பட்ட பிள்ளையின் தாய் அதிக அரவணைப்போடு இருந்தாள். செய்கை ஒன்று, அதற்குக் கிடைத்த வரவேற்பு இரண்டு. அதே சென் பின்னர் சீன நகரப் பள்ளிப் பிள்ளைகளை 1990, 1998, 2002 என மூன்று காலங்களில் ஒப்பிட்டார். 1990இல் கூச்சமுள்ள பிள்ளையை மற்ற பிள்ளைகளுக்குப் பிடித்தது, வகுப்புத் தலைவர் ஆக்கினார்கள், படிப்பிலும் முன்னால் இருந்தது. 2002இல் அதே கூச்சமுள்ள பிள்ளையை ஒதுக்கினார்கள். பன்னிரண்டு வருடத்தில் பிள்ளைகளின் பிறவிக் குணமா மாறியிருக்கும்? ஊர் மாறிவிட்டது. போட்டி வந்தது, முந்திக்கொள்பவருக்கு வேலை என்றானது. அடங்கி நிற்பதன் மதிப்பு விழுந்தது.

இதைப் படித்ததும் கும்பகோணமும் பெங்களூரும் கண்முன் வந்தன. மாமனார் வீட்டுத் தெருவில் ஒரு பிள்ளை யாரிடமும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தேவையே இல்லை. "இன்னார் பேத்தி" என்று ஊரே அதை அறிமுகப்படுத்திவிடும். வாசலில் நின்றால் போதும். இங்கே எங்கள் அடுக்ககத்தில் நூற்றுச் சொச்சம் வீடுகள். மாதத்துக்கு இரண்டு குடும்பம் காலி செய்கிறது, இரண்டு குடும்பம் வருகிறது. இன்று சறுக்குமரத்தில் பழகிய குழந்தை அடுத்த மாதம் புனேக்குப் போய்விடும். இந்த ஊரில் பிழைக்க, பார்த்த உடனே "ஹாய்" சொல்லும் பிள்ளை வசதி. பிளேஸ்கூல் மிஸ் அதைத்தான் எழுதினார். அவர் மேல் கோபப்பட எனக்குக் காரணம் இல்லை. நானே வேலைக்கான நேர்முகத் தேர்வுகளில் அந்தக் குணத்துக்குத்தான் மதிப்பெண் போடுகிறேன்.

தாமஸும் செஸ்ஸும் கடைசியில் வந்து சேர்ந்த இடமும் இதுவே. பிள்ளையின் சுபாவத்தில் தானாகப் பிரச்சினை இல்லை. அதுவும் சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பும் பொருந்துகிறதா என்பதே கேள்வி என்றார்கள். எங்கள் வீட்டுக் கணக்கில் சொன்னால், என் மனைவி எதையும் டக் டக்கென்று முடிப்பவள். நான் குளிக்கப் போவதற்கு முன் பத்து நிமிடம் யோசிப்பவன். பாப்பா செருப்பு போட எடுக்கும் நேரம் எனக்கு நேரமாகவே தெரிவதில்லை. மனைவிக்கோ அது காலை எட்டரை மணி ஆபீஸ் பஸ். பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்தவர்கள் நாங்கள். பிள்ளையோடும் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டியிருக்கும் என்று எந்த ஜோசியரும் சொல்லவில்லை.

குணம், குணம் என்று நாம் சொல்வதில் பாதி குணமே இல்லை, உடம்பு. சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வயது வரை கிண்ணத்தைக் காலி செய்த பிள்ளை, அப்புறம் வாயை இறுக மூடிக்கொள்கிறது. "அடம் பிடிக்கிறா", "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்தேன். நடுத்தரமாக வளரும் பெண் குழந்தை பிறக்கும்போது 3.2 கிலோ, ஒரு வயதில் 8.9 கிலோ, இரண்டு வயதில் 11.5 கிலோ. முதல் வருடத்தில் ஏறுவது 5.7 கிலோ, இரண்டாம் வருடத்தில் ஏறுவது 2.6 கிலோ மட்டும், பாதிகூட இல்லை. உயரமும் அப்படித்தான்: முதல் வருடத்தில் 25 செ.மீ., அடுத்த வருடத்தில் 12. வளரும் வேகம் பாதியானால் பசியும் இறங்கத்தானே செய்யும். பிள்ளை தன் உடம்பு சொல்வதைக் கேட்கிறது. நாம் போன வருடத்துக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டு வயதை ஒட்டி இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: தெரியாத உணவின் மேல் பயம். பழகாத காயைத் தட்டில் பார்த்தாலே முகம் சுளிப்பது. தானே நடந்து போய் எதையும் வாயில் போட்டுக்கொள்ளும் வயதில், தெரியாததைத் தின்னாமல் இருப்பது ஒரு காலத்தில் உயிரைக் காத்திருக்கும் என்று விளக்குகிறார்கள். ஒரு காயை 8 முதல் 15 முறை, வற்புறுத்தாமல், தட்டில் வைத்துப் பழக்கினால் பல பிள்ளைகள் ஏற்றுக்கொள்கின்றன. நாங்கள் பீன்ஸ் பொரியலை ஒன்பது முறை வரை எண்ணினோம். பத்தாவது முறை சாப்பிட்டாள். பதினொன்றாவது முறை மறுபடி துப்பினாள். எண்ணுவதை விட்டுவிட்டோம்.

வளர்ச்சி அட்டவணை என்றதும் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் வண்ணக் கோடுகள்தான் ஞாபகம் வரும். அவை எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து 2006இல் வெளியிட்டவை. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லிக்காரர்கள். நடை, தவழல் போன்றவற்றுக்குத் தேதி குறிக்காமல் ஒரு பெரிய ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்கள்: பிடிமானம் இல்லாமல் நடப்பது 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை எப்போது வேண்டுமானாலும். இடைவெளியைக் கவனியுங்கள், ஒன்பது மாதத்துக்கும் மேல். எங்கள் தளத்தில் பத்தாவது மாதத்தில் நடந்த பையன் ஒருவன் இருக்கிறான். பாப்பா பதினைந்தாவது மாதத்தில் நடந்தாள். இன்று இருவரும் ஒரே மாதிரிதான் ஓடுகிறார்கள், என்ன, அவன் எதிர்ப்படும் எதன் மேலும் மோதுகிறான்.

என்னை உண்மையில் அசத்தியது வேறு அட்டவணை, நம்முடையது. பிள்ளைத்தமிழ் என்றால் பள்ளியில் பத்துப் பருவங்களை மனப்பாடம் செய்ததோடு சரி. சிற்றிலக்கியங்களுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்கள் அவற்றுக்கு மாதக் கணக்கு சொல்வதை அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் மூன்றாம் மாதம் காப்பு, ஐந்தாம் மாதம் செங்கீரை, ஏழு தால், ஒன்பது சப்பாணி, பதினொன்று முத்தம், பதின்மூன்று வருகை, பதினைந்து அம்புலி. ஆண்பிள்ளை என்றால் அதன் பிறகு சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று 21ஆம் மாதம் வரை போகும். செங்கீரை என்பது கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. சப்பாணி கை கொட்டுவது. இன்றைய குழந்தை மருத்துவர்களும் ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு கைதட்டுகிறதா என்றுதான் கேட்கிறார்கள். வருகைப் பருவம் நடந்து வா என்று கூப்பிடுவது; உலக சுகாதார நிறுவனக் கணக்கில் சராசரி நடை 12 மாதத்தில். சிறுதேர், பொம்மை வண்டியை இழுத்துக்கொண்டே நடப்பது, இரண்டாம் பிறந்தநாளுக்குக் கொஞ்சம் முன்னால்.

இதில் அம்புலியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு நிலாவைக் காட்டுவது வெறும் சோறு ஊட்டும் தந்திரம் என்று நினைத்திருந்தேன். கையால் எட்ட முடியாத ஒன்றை நாம் சுட்டுகிறோம்; பிள்ளை நம் விரலைப் பார்க்காமல் விரல் போகும் திசையைப் பார்க்கிறது; பார்த்துவிட்டுத் திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறது. இரண்டு மனங்கள் ஒரே பொருளின் மேல் நிற்கும் இந்தக் கணத்தின் மேல்தான் பேச்சு கட்டப்படுகிறது என்கிறது குழந்தை மொழியியல். ஒரு வயதை ஒட்டி இது வராவிட்டால் மருத்துவர்கள் கவலைப்படுவார்கள். பதினைந்தாம் மாதத்துக்கு அம்புலி என்று வைத்த புலவருக்கு வீட்டில் பிள்ளை இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டு அம்புலி, திருவள்ளுவர். வீடு அல்சூர் ஏரிக்குப் பக்கம். சாயந்தரம் ஏரிக்கரையில் இருக்கும் வள்ளுவர் சிலை வரை போய் வருவோம். 1991இல் வைத்து, பதினெட்டு வருடம் மூடியே கிடந்து, 2009இல் திறந்த சிலை. பாப்பாவுக்கு அந்த வரலாறு வேண்டாம், தாடி போதும். "தாத்தா!" என்று கை நீட்டினாள். அன்று முதல் தாடி உள்ள எவரும் தாத்தாதான், எங்கள் அடுக்ககக் காவலாளி உட்பட, அவருக்கு வயது முப்பது. இப்படி ஒரு சொல்லை அளவுக்கு மீறி விரிப்பது ஒன்றரை வயதுப் பிள்ளைகளின் பொது வழக்கம். கையில் இருப்பது முப்பது சொல், உலகத்தில் இருப்பது ஆயிரம் பொருள். இருப்பதை வைத்துத்தானே சமாளிக்க வேண்டும்?

பேச்சு விஷயத்தில் பெங்களூர் தமிழ் வீடுகளின் கவலை தனி. வீட்டில் தமிழ். பகலில் பார்த்துக்கொள்ளும் அக்கா பேசுவது கன்னடம். பூங்காவில் இந்தி. பிளேஸ்கூலில் ஆங்கிலம். "இத்தனை மொழி போட்டுக் குழப்பாதீங்க, அதான் பேச்சு வரலை" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் சொற்கள் குறைவாகத் தெரியும். எல்லா மொழியையும் கூட்டினால் ஒரு மொழிப் பிள்ளைக்குச் சமமாக வரும். 1993இல் மயாமியில் ஸ்பானிஷ், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் இதைக் கணக்கிட்டே காட்டினார்கள். பாப்பாவின் பட்டியலில் "நீரு" இருந்தது, தண்ணி இல்லை. "நாய்" இருந்தது, "பெக்கு" இருந்தது, பூனை இல்லை. தமிழ்க் கணக்குப்பிள்ளைக்கு அவள் பாதி ஊமை.

மறுப்புச் சொற்களில்தான் அவள் விளையாட்டு எனக்குப் புரிந்தது. ஆங்கிலக் குழந்தைக்கு எல்லா மறுப்புக்கும் ஒரே "நோ". லோயிஸ் புளூம் என்ற ஆய்வாளர் 1970இல் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று பொருள் அடுத்தடுத்து முளைப்பதைப் பிரித்துக் காட்டினார்: பொருள் அங்கே இல்லை என்பது, எனக்குப் பிடிக்கவில்லை என்பது, நீ சொல்வது உண்மையில்லை என்பது. தமிழில் பிரிக்க ஆய்வாளரே வேண்டாம், மொழியே பிரித்து வைத்திருக்கிறது: இல்லை, வேண்டாம், மாட்டேன், முடியாது, கூடாது. பாப்பா முதலில் சொன்னது "இல்ல"; கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டி, கரண்ட் போனால் மேலே விரல் நீட்டி. அடுத்து வந்தது "பேடா", அக்காவின் கன்னடம். தமிழ் வகரம் பல இடங்களில் கன்னடத்தில் பகரமாகும்: வா என்பது பா, வேர் என்பது பேரு, வேண்டா என்பது பேடா. இரண்டு வயதை நெருங்கும்போது வந்தது "மாட்டேன்".

மாட்டேன் சாதாரணச் சொல் இல்லை. அதன் வாலில் "நான்" ஒட்டிக்கொண்டிருக்கிறது. தான் என்று ஒருத்தி இருப்பது தெரியாமல் அதைச் சொல்ல முடியாது. அதே மாதங்களில் கண்ணாடியிலும் ஒரு மாற்றம் வந்தது. பியூலா ஆம்ஸ்டர்டாம் 1972இல் செய்த சோதனை எளிது: குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன் விடுவது. சின்னக் குழந்தை கண்ணாடிக்குள் இருக்கும் பாப்பாவோடு விளையாடும். 20 மாதத்துக்கு மேல் பல குழந்தைகள் தன் மூக்கைத் தொடும். நான் வீட்டில் செய்து பார்த்தேன். பாப்பா கண்ணாடியைப் பார்த்தாள், கண்டுகொள்ளவே இல்லை. பிறந்த பத்தாம் நாளிலிருந்து கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு வளர்ந்தவளுக்கு முகத்தில் இன்னொரு பொட்டு என்ன பெரிய அதிசயம்? மூக்கைத் துடைக்காததை வைத்து நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டுவிடக் கூடாது. ஆனால் இரண்டு நாள் கழித்துத் தலையில் என் தொப்பியை வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று "நானு" என்றாள்.

நானு வந்த பிறகு வீட்டில் நிம்மதி போனது. "நானே" என்பதுதான் நாள் முழுக்க. ஒரு நாள் லிஃப்டில் வேறொருவர் எங்கள் மாடிக்கான பொத்தானை அழுத்திவிட்டார், உதவி என்று நினைத்து. பாப்பா லிஃப்டின் தரையில் படுத்தாள். நான்காம் மாடிக்கு வந்து, மறுபடி கீழே போய், எல்லோரும் இறங்கி, அவளே அழுத்தி, மேலே வந்தோம். அப்போதும் அழுகை நிற்கவில்லை, முதலில் அழுத்தியது அழுத்தியதுதானே. மைக்கேல் போட்டகலும் ரிச்சர்ட் டேவிட்சனும் 2003இல் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான ரகளைகளைப் பெற்றோர் சொல்லக் கேட்டுப் பிரித்து ஆராய்ந்திருக்கிறார்கள். முக்கால்வாசி ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. கோபம் தொடக்கத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். துக்கம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். உச்சத்தில் காரணம் சொன்னால் ஏறாது. கோபம் வடிந்து அழுகை மட்டும் மிஞ்சும்போது பிள்ளை தானாக மடிக்கு வரும். எனக்குத் தெரிந்த எல்லாப் பாட்டியும் இதை "கொஞ்ச நேரம் விடு, தானா வருவா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

பகிர்ந்துகொள்ளவில்லை என்ற புகார் பற்றிக் கொஞ்சமே போதும். இரண்டு வயதுப் பிள்ளைகள் அருகருகே உட்கார்ந்து தனித்தனியாக விளையாடும். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932லேயே எழுதிவைத்தது. கப்பன் பூங்கா பால பவனில் புட்டாணி என்ற குட்டி ரயிலுக்கு வரிசையில் நிற்கும் குழந்தைகளைப் பார்த்தால் போதும். பக்கத்துக் குழந்தையை அவர்கள் ஒரு அழகான மரம் மாதிரி பார்ப்பார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நான் பாட்டிகள் கட்சியில் இல்லை. குணம் என்ற சொல் சில நேரம் கண்ணை மறைத்துவிடும். "இவன் அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்று சொல்லியே இரண்டு வருடம் போக்கிய குடும்பத்தை எனக்குத் தெரியும். கடைசியில் பார்த்தால் பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ஒரு வயதாகியும் சுட்டிக் காட்டுவது, டாட்டா காட்டுவது எதுவும் இல்லை என்றாலோ, 16 மாதத்தில் ஒற்றைச் சொல்லும் இல்லை என்றாலோ, 18 மாதத்தில் நடக்கவில்லை என்றாலோ, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்கவில்லை என்றாலோ, எந்த வயதிலானாலும் வந்த பேச்சும் சிரிப்பும் திரும்பிப் போனாலோ, குணம் என்று சொல்லிக் காத்திருக்க வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் கேட்க வேண்டும், முதலில் காதைச் சோதிக்க வேண்டும். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவும், மைசூரில் அகில இந்திய பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனமும் இருக்கின்றன. கூச்சமுள்ள பிள்ளை வீட்டுக்குள் வாயாடும், கண்ணைப் பார்க்கும், பிடித்ததை இழுத்துக் காட்டும். வீட்டுக்குள்ளும் அது இல்லை என்றால் அது கூச்சம் இல்லை.

பிளேஸ்கூல் காகிதத்துக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மிஸ்ஸிடம் போய்ப் பேசினேன். சென்னும் கேகனும் அவருக்கு எதற்கு? "இருபது நிமிஷம் அவளை யாரும் கூப்பிடாம விட்டுப் பாருங்க" என்று மட்டும் கேட்டேன். சந்தேகமாகத்தான் தலையாட்டினார். கதவோரம் ஒரு சின்ன நாற்காலி போட்டார்கள். பாப்பா அதில் உட்கார்ந்து பார்ப்பாள். முதல் வாரம் நாற்பது நிமிடம் ஆனதாம். இப்போது பத்து நிமிடம். சில நாள் நாற்காலியை இழுத்துக்கொண்டே உள்ளே போகிறாளாம், சிறுதேர் மாதிரி.

போன மாதம் மாமனார் மைசூர் எக்ஸ்பிரஸில் வந்தார். முந்தைய முறை வந்தபோது நடந்தது வீட்டில் இன்னும் பேச்சு. அவர் ஊட்ட ஊட்ட அவள் "பேடா, பேடா" என்று கத்த, பேத்தி ஆசையாகக் கேட்கிறாள் என்று சாயந்தரமே தெருமுனைக் கடைக்குப் போய் அரைக் கிலோ பால் பேடா வாங்கி வந்துவிட்டார். இந்த முறை விவரம் தெரிந்து, பெட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து மெல்லத் திறந்தார். பாப்பா என் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தாள். பிறகு விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னாள்: "தாத்தா, பேடா பேடா."

மாமனார் பெட்டியும் கையுமாக என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, இதுல எது இனிப்பு, எது வேணாம்?"